நான் கடைந்து கொடுத்த கழுத்து

1

பெங்களூர் வந்து இந்த ஐப்பசியோடு எனக்கு இருபத்தைந்து வருடம். நம் ஐ.டி.ஐ.யில் என்னோடு ஃபிட்டர் படித்தவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். 'வெளியே போய் வாழ்கிறவர்கள்' என்று அதில் ஒரு பகுதியாம். நானும் எழுத வேண்டுமாம். துபாய்க்காரன் எழுதுகிறான், மஸ்கட்காரன் எழுதுகிறான், நியாயம். நான் என்னத்தை எழுத? ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் என் வீடு. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். பயம் ஒன்றுதான் வேண்டும், அதுவும் இங்கே வந்தபின் தானாகக் கிடைக்கும்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். என் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஆறே காலுக்கு அடுகோடியில் கம்பெனி பஸ் ஏறுகிறேன். பீன்யா போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டூல் ரூமில் நான் சீனியர். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் ஒன்றுக்குச் சண்டை போடுகிற வேலை. கை நடுங்கி நான் கெடுத்த வேலை என்று இதுவரை ஒன்றுகூட இல்லை. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால்தான் நடுக்கம்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் கன்னடத்தில்தான் டிக்கெட் கேட்பேன். அவர் கிருஷ்ணகிரிக்காரர், எனக்கு நன்றாகத் தெரியும். நான் திருப்பத்தூர்க்காரன், அவருக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டு பேரும் பத்து வருடமாகக் கன்னடத்திலேயே சில்லறைக்குச் சண்டை போடுகிறோம். என் ஸ்கூட்டர் முன்னால் மஞ்சள் சிவப்புக் கன்னடக் கொடி ஸ்டிக்கர் உண்டு. வெயிலில் வெளுத்தால் புதிதாக ஒட்டிவிடுவேன். வீட்டில் தமிழ்ச் செய்தி கேட்க வேண்டுமானால் முதலில் தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவேன். தமிழ்த் தினசரிக் காலண்டர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. தேதி கிழிக்கவேண்டும் என்றால் கதவைச் சாத்திவிட்டுத்தான் கிழிக்க முடியும்.

பக்கத்து வீட்டார் யாரும் என்னை ஒன்றும் சொன்னதில்லை. நல்ல மனிதர்கள், அவர்கள் வீட்டு ஹோளிகே, நம் போளிதான், எங்கள் வீட்டுக்கு வரும். அதுதான் எனக்கே என்மேல் எரிச்சல். யாரும் மிரட்டாமலே பதின்மூன்று வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறேன். தொண்ணூற்றொன்று டிசம்பரிலிருந்து.

2

எனக்கு ஒரே பெண், தேன்மொழி. வயது இருபத்தொன்று. பகலில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, சாயங்காலமும் ஞாயிறும் நாடகம். அம்மாவோடு தமிழ், சிநேகிதர்களோடு கன்னடம், போனில் இங்கிலீஷ். தமிழ் படிக்கத் தெரியாது. தமிழில் ஏதாவது எழுதவேண்டுமென்றால் கன்னட எழுத்தில் எழுதிக்கொள்வாள். இதைச் சொன்னால் ஊரில் எல்லாரும் 'பிள்ளையை விட்டுட்டியேப்பா' என்பார்கள். விட்டது நான்தான். அவளுக்கு எட்டு வயதில் நானே வாங்கிவந்த அரிச்சுவடியை நானே ஒளித்துவைத்தேன். பள்ளிக்கூடப் பையில் அது இருந்து யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று பயம். பெயரும் அப்படித்தான். ஆசை ஆசையாகத் தேன்மொழி என்று வைத்துவிட்டு, அப்போதிலிருந்து வாசலுக்கு வெளியே 'தேனு' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் ஒரு நாள் நான் கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் வந்து நின்றாள்.

"அப்பா, எனக்கு ஒரு கழுத்து வேணும்."

"இருக்கிற கழுத்துக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு இல்லப்பா. பொம்மைக்கு."

அவள் தனியாக ஒரு நாடகம் போடப்போகிறாளாம். ஒரே ஆள். இரண்டு பொம்மை. மேடையிலேயே ஓரமாக ஒருவன் உட்கார்ந்து வாத்தியம் வாசிப்பான். பொம்மையைப் பின்னால் ஒளிந்துகொண்டு ஆட்டுவதெல்லாம் கிடையாது. இவள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நின்று ஆட்டுவாள், அதற்கு அவளே பேசவும் செய்வாள்.

"ஆட்டறவ தெரிஞ்சா அப்புறம் பொம்மைய யாரு பாப்பாங்க?" என்று என் மனைவி சரோஜா தையல் மிஷினில் இருந்தபடியே கேட்டாள்.

"ரெண்டு நிமிஷத்துல என்ன மறந்துடுவாங்கம்மா. நீயே பாரேன்."

கழுத்துக்கு அவள் சொன்ன அளவு இதுதான். முகம் நேராகப் பார்க்க வேண்டும். அங்கிருந்து மெதுவாக, நின்று நின்று போகாமல் ஒரே சீராகப் பின்பக்கம் வரை திரும்ப வேண்டும். முதுகில் ஒரு நெம்புகோல், அதை ஒரே விரலால் தள்ள முடிய வேண்டும். முக்கியமாகச் சத்தம் வரக்கூடாது.

"எதுக்கு அவ்ளோ சைலண்ட்டா?"

"அந்த இடத்துல மியூசிக் நின்னுடும்பா. கிரீச்சுன்னு வந்தா எல்லாம் போச்சு."

எனக்கு இதுபோதும். மகள் கேட்ட முதல் வேலை. பழைய டேபிள் ஃபேன் மோட்டாரிலிருந்து பேரிங்கை எடுத்துக் கழுவினேன். பித்தளையில் புஷ், அதாவது தண்டு உள்ளே சுழல்கிற வளையம், கடைந்தேன். லஞ்ச் டைமில், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான். மூன்று முறை கடைந்து மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டேன். மாட்டியபின் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. டூல் ரூமில் நாலு பேரிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பொம்மைக்குச் சட்டை வேண்டும் என்றபோது சரோஜா என் பழைய கம்பெனி நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

3

நாடகம் போட எத்தனை காகிதம் வேண்டும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. ஹால்காரர்கள் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள், போலீஸ் ஸ்டேஷனில் இருந்து ஒரு கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். ஸ்டேஷன் கடிதத்துக்கு இன்னொரு ஃபாரம். அதில் ஒரு கட்டம்: நிகழ்ச்சியின் மொழி.

தேன்மொழி 'கன்னடம், தமிழ்' என்று எழுதியிருந்தாள். தேதியோ நவம்பர். நவம்பர் முழுக்க இந்த ஊரில் ராஜ்யோத்சவம், கர்நாடகம் பிறந்த விழா, தெருவுக்குத் தெரு கொடி, பந்தல், ஆர்க்கெஸ்ட்ரா. அந்த மாதத்தில் போய்த் தமிழ் என்று எழுதிக்கொடுக்கிறாளே!

"எவ்ளோ தமிழ் வருது?" என்று கேட்டேன்.

"ஒரே வரிதான்பா. மீதியெல்லாம் கன்னடம்."

"ஒரு வரிக்கு எதுக்கு எழுதற? அடிச்சுடு. இல்லன்னா அந்த வரியையும் கன்னடத்துல சொல்லிடு."

"அந்த வரி கன்னடத்துல நடக்கலப்பா."

எனக்குப் புரியவில்லை. ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஃபாரத்தை மேலும் கீழும் பார்த்தார். அவர் பேனா அந்தக் கட்டத்தில் வந்து நின்றது. நான் முந்திக்கொண்டு கன்னடத்தில், "பொம்மலாட்டம் சார், வெறும் மியூசிக்தான், பேச்சு அதிகம் இல்லை" என்று உளறினேன். அவர் நிமிர்ந்தார்.

"பொம்பெகெ யாவ பாஷெ சார்?" என்றார். பொம்மைக்கு ஏது பாஷை என்கிறார். ஃபாரத்தில் ஓங்கி ஒரு சீல் குத்தினார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் தேன்மொழி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பரிதாபமாகப் பார்த்தாள்.

4

நாடகத்துக்கு ஒரு வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, ஒத்திகை. ஜெயநகர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி ஹால். நெம்புகோல் கொஞ்சம் டைட்டாக இருக்கிறது என்று கூப்பிட்டதால் டூல் பாக்ஸோடு போனேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன், சரியாகிவிட்டது. "இருந்து ஒரு தடவை பாத்துட்டுப் போப்பா" என்றாள்.

ஓரத்தில் மஞ்சுநாத் என்ற பையன் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தான். மைசூர்க்காரன், அமைதியானவன். பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் வெட்டிய இரும்புக் குழாய்கள் தொங்கின. அதுவும் நான் அளந்து வெட்டிக் கொடுத்ததுதான்.

மேடையின் ஒரு பக்கம் நீலச் சட்டைப் பொம்மை. தலை காகிதக் கூழில் செய்தது, மூக்கு மட்டும் உண்டு, கண்ணும் வாயும் இல்லை. இன்னொரு பக்கம் கம்பியில் மாட்டிய ஒரு சின்ன ரோஸ் கவுன். கழுத்தில் பச்சைத் தண்ணீர் பாட்டில் தொங்குகிறது. சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பாட்டில். மூடியில் அவள் பல் பட்ட அடையாளம் அப்படியே இருந்தது.

தேன்மொழி ஒரு கயிற்றை இழுத்தாள். நாற்பது பழைய செருப்புகள் அந்தக் கயிற்றில் கட்டியிருந்தன. பலகைமேல் ஒவ்வொன்றாக விழுந்து நடக்க ஆரம்பித்தன. டப், டப், டப். மஞ்சுநாத் குழாய்களை அடித்தான். செருப்புகள் வேகமாயின. நீலச் சட்டைக்கும் ரோஸ் கவுனுக்கும் நடுவில் அவை போய்க்கொண்டே இருந்தன. அவள் சொன்னது நிஜம், ஆட்டுகிறவளை நான் மறந்துவிட்டேன்.

ரோஸ் கவுன் ஒரு கையைத் தூக்கியது. நீலச் சட்டை அதைப் பார்த்தது. வாத்தியம் நின்றது. தலை திரும்பியது. மெதுவாக, ஒரே சீராக, சத்தமே இல்லாமல் பின்பக்கம் வரை.

"அப்பா என்ன பாத்தார்," என்றாள் தேன்மொழி, தமிழில். "பாத்துட்டு, திரும்பிக்கிட்டார்."

இப்போது நடந்ததை எழுதிவிட வேண்டும். தொண்ணூற்றொன்று டிசம்பர், தமிழர்களைத் தேடி அடித்த காவிரிக் கலவரம் ஆரம்பித்த நாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அவளைக் கூட்டிவர ஓடினேன். அடுகோடி மெயின் ரோடு வந்தபோது கூட்டமும் வந்துவிட்டது. கையில் கட்டை, டயர் எரிகிற நாற்றம். இந்தப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நான். அந்தப் பக்கம் பாஷா பாயின் பீடிக்கடை வாசலில் அவள், தண்ணீர் பாட்டிலைக் கடித்துக்கொண்டு. என்னைப் பார்த்துவிட்டாள். கையைத் தூக்கினாள்.

நான் வாயைத் திறக்கப்போன நேரம், என் பக்கத்தில் கட்டையோடு நின்ற ஒருவன், "டைம் எஷ்டு?" என்றான். வெறும் மணிதான் கேட்டான். "மூரூ காலு" என்றேன், கன்னடக்காரனைவிடச் சுத்தமாக. அவன் முகத்தைப் பார்த்து மூன்றேகால் என்று சொன்னவன், திரும்பி மறுபடியும் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் 'அப்பா' என்று கத்தியிருந்தாலும் ஆபத்தில்லை, அவர்களும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்தான் ஆபத்து. கூட்டம் முழுக்கப் போய்த் தீரும்வரை சுவரைப் பார்த்தேன். பத்து நிமிடம் இருக்கும்.

அப்புறம் போனால் பாய் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "கொழந்த உள்ளதான் கீது சார், டரோ நக்கோ" என்றார், பயப்படாதே என்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்துவந்தாள். வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் நான் சொன்னது இது: "நான் போறதுக்குள்ள பாய் உள்ள உக்கார வெச்சுட்டாரு. ரோட்ல நான் இவளப் பாக்கவே இல்ல." பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கவனிக்கவில்லை, மறந்துவிட்டாள் என்று பதின்மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை முடிந்து டூல் பாக்ஸை மூடினேன்.

"கழுத்து சரியா இருக்காப்பா?" என்று கேட்டாள்.

"சரியாதான் இருக்கு," என்றேன்.

5

அடுத்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் காட்சி. பஸ்ஸில் உட்கார்ந்து இருபது விதமாகக் கற்பனை செய்தேன். தமிழ் வரி வந்ததும் யாரோ எழுந்து கத்துகிறான், நாற்காலி பறக்கிறது, என் பெண் தலையில் ரத்தம். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, பக்கத்து நாற்காலியில் சரோஜா உட்கார்ந்திருப்பாள் என்ற பயம்.

சனிக்கிழமை மத்தியானம் பொம்மைப் பெட்டி வீட்டில் இருந்தது, சாயங்காலம் நாங்கள் கொண்டுபோவதாகப் பேச்சு. தேன்மொழி ஹாலுக்குப் போய்விட்டாள், சரோஜா பூ வாங்கப் போயிருந்தாள். நான் பெட்டியைத் திறந்தேன். என் சட்டையைப் போட்டுக்கொண்டு என் கழுத்தோடு அது படுத்திருந்தது.

ஃபிட்டர் அல்லாத வீட்டுக்காரர்களும் மலரைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். டோவல் பின் என்பது இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று நகராமல் பூட்டுகிற சின்ன எஃகுக் குச்சி. புஷ்ஷையும் உள்ளே சுழல்கிற தண்டான ஷாஃப்டையும் சேர்த்து நாலு எம்.எம். துளை போட்டேன். பின்னை வைத்து மரச் சுத்தியலால் மூன்று தட்டு. மேலே துருத்தாமல் அரத்தால் ராவினேன். திருட்டு வேலைக்குக்கூடப் பிசிறு எடுத்தவன் நான். தலை இனிமேல் நேராகத்தான் பார்க்கும்.

சாயங்காலம் அறுபது பேர் வந்திருப்பார்கள். பின்வரிசையில் பந்தோபஸ்துக்கு ஒரு கான்ஸ்டபிள், கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தார். நான் நாடகத்தைப் பார்த்ததைவிட அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம்.

செருப்புகள் நடந்தன. ரோஸ் கவுன் கையைத் தூக்கியது. வாத்தியம் நின்றது.

தலை திரும்பவில்லை.

தேன்மொழி நெம்புகோலை மறுபடி தள்ளினாள். பொம்மை முழுசாக ஒரு குலுங்கு குலுங்கியது. மூன்றாம் முறை தள்ளவில்லை. அவள் கட்டைவிரல் கழுத்தின்மேல் போய் ஒரு இடத்தில் நின்றதைப் பார்த்தேன். அவ்வளவு வெளிச்சத்தில் அவள் என்னைத் தேடவில்லை. பொம்மையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மஞ்சுநாத் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சுரத்தைப் பிடித்தான், விட்டான். பார்க்கிறவர்கள் இதுவும் நாடகம் என்று நினைத்தார்கள். அந்தத் தமிழ் வரியை அவள் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வாள்? அப்பா திரும்பவில்லையே.

கைதட்டினார்கள், மரியாதைக்கு. எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், எல்லாம் நன்றாக இருந்தது, கடைசியில் என்ன சொல்ல வந்தாள் என்றுதான் தெரியவில்லை என்றாள். சரோஜாவும் அதையேதான் சொன்னாள். "நல்லா வந்துச்சு. ஆனா எதுக்கோ கூட்டிட்டுப் போயி பாதி வழியில விட்ட மாரி இருக்கு." நாலு மாத உழைப்பு. நாலு எம்.எம். குச்சியால் கெடுத்துவிட்டேன். நாற்காலி பறக்கவில்லை, யாரும் கத்தவில்லை. அன்று அந்த ஹாலில் கெடுதல் செய்த ஒரே ஆள் நான்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை, பின்கட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தேன்மொழி பொம்மையைக் கொண்டுவந்து அந்தப் பேப்பர்மேலேயே வைத்தாள். பக்கத்தில் என் சுத்தியல், என் பஞ்ச். கீழே உட்கார்ந்தாள்.

"எத்தன எம்.எம்.?"

"நாலு."

"நல்லா பண்ணியிருக்க. வெரல வெச்சுத் தடவினாக்கூடப் பிசிறு தெரியல."

நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"உன்னத் திட்டறதுக்கு வெச்ச சீன் இல்லப்பா அது."

"அப்புறம்?"

"நீ திரும்பினதும் நானும் வாய மூடிக்கிட்டேன். அன்னிலேர்ந்து எனக்கும் ரோட்ல சத்தமா பேச வராது. ஆபீஸ்ல மீட்டிங்ல எல்லாம் கேக்கறாங்க, ஏன் இவ்ளோ மெதுவா பேசறன்னு. மேடையில மட்டும்தான் வருது. எங்க ஆரம்பிச்சுதுன்னு ஆடிப் பாக்கணும்னு இருந்துச்சு. அவ்ளோதான்."

நான் சொன்னேன்: "அவன் என் பக்கத்துலயே நின்னான். நான் உன்னையே பாத்துட்டிருந்தா, என் கண்ணு போற எடத்த அவனும் பாத்துடுவான்னுதான் திரும்பினேன்."

"நெஜமாவா?"

நிஜம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. "தெரியலம்மா," என்றேன். "அப்படித்தான் இத்தன வருஷமா சொல்லிக்கறேன். பயத்துலயும் திரும்பியிருக்கலாம்."

"சரி," என்றாள். "தெரியலங்கறத என்னால ஆட முடியும்பா. இந்தப் பின்ன வெச்சுக்கிட்டுத்தான் ஆட முடியாது."

"எதுக்கு என்கிட்டயே கேட்ட இந்தக் கழுத்த?"

"சத்தம் இல்லாம திரும்பணும். வேற யாருக்குப்பா அவ்ளோ நல்லா வரும்?"

குத்தலாகச் சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா, இன்றுவரை தெரியாது. கேட்கவும் பயம்.

பின்னை எடுத்தேன். ஒரு விஷயம் கவனித்தேன். முந்தின நாள் துளையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை முழுக்கப் போட்டிருந்தேன். பின்னாலிருந்து பஞ்ச் வைத்துத் தட்டினால் வந்துவிடும். நல்ல ஃபிட்டர் எதைப் பூட்டினாலும் எடுக்க வழி வைப்பான். மனசு கெட்டாலும் கை பழக்கப்படி செய்திருக்கிறது. இரண்டு தட்டில் வந்து பேப்பர்மேல் விழுந்தது.

அப்புறம் சமையலறைக்குப் போனேன். சரோஜா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காலண்டர் தொங்குகிற கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அன்றைக்கு நான் ரோட்டிலேயே பிள்ளையைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். இவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டிருந்தா..."

"நானா இருந்தா கத்தியிருப்பேன்," என்றாள். மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். கண் கலங்கியது வெங்காயத்தாலா என்று கேட்கிற தைரியமும் எனக்கில்லை.

7

இரண்டாம் நாள் கூட்டம் அதிகம். அதே கான்ஸ்டபிள், இன்றைக்கு மிட்டாய் இல்லை. நாங்கள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். செருப்புகள் நடக்க ஆரம்பித்ததுமே என் கை நாற்காலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. வாத்தியம் நின்றது. தலை திரும்பியது. நான் மூன்று முறை கடைந்த கழுத்து, நன்றாகத்தான் திரும்பியது.

"அப்பா என்ன பாத்தார். பாத்துட்டு, திரும்பிக்கிட்டார்."

தமிழ்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. மஞ்சுநாத் பத்து எண்ணுகிற நேரம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சரோஜாவைப் பார்க்கத் தைரியமில்லை. பார்க்காமலே தெரிந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள். கைத்தட்டல் அன்று வேறு மாதிரி இருந்தது. முதலில் யாரும் தட்டவே இல்லை, அப்புறம் நிறுத்தவே இல்லை.

முடிந்ததும் நான் முன்னால் போய் எதிர்ப்பக்கத்தில் ஆட்டோ பிடித்தேன். சரோஜாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தேன். முக்கில் ராஜ்யோத்சவப் பந்தல், ஸ்பீக்கரில் பாட்டு. கொடிகளோடு ஒரு கூட்டம் ஆடிக்கொண்டே ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. எல்லாம் சின்ன வயசுப் பையன்கள், சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். கையில் இருந்தது கொடிக்கம்புதான், எனக்கு மட்டும் அது கட்டையாகத் தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஹால் வாசலில் தேன்மொழி, கையில் பொம்மைப் பெட்டி. என்னைக் காணாமல் எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தாள்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் கூட்டம். அதே அகல ரோடு. என் கழுத்து வலதுபக்கம், சுவர்ப்பக்கம் இழுத்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே இழுத்தது.

"தேன்மொழி!"

என் தொண்டையிலிருந்துதான் வந்தது. "தேன்மொழி, இந்தப் பக்கம் வாம்மா! ஆட்டோ இங்க நிக்குது!"

நாலைந்து பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். தோளில் கொடி போட்டிருந்த ஒருவன் என்னைப் பார்த்தான், அந்தப் பக்கம் பெட்டியோடு நின்றவளைப் பார்த்தான். ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவன் கையை நீட்டி மற்றவர்களைத் தள்ளினான். "தாரி பிட்ரோ" என்றான். வழி விடுங்கடா என்று.

அவள் உடனே வரவில்லை. கூப்பிட்டது யார் என்று தெரியாதவள் மாதிரி அங்கேயே கொஞ்ச நேரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கூட்டத்துக்கு நடுவே பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கடந்துவந்தாள். பெட்டியை அம்மா மடியில் வைத்தாள். என் கையைக் கம்பியிலிருந்து எடுத்து விட்டாள்.

"கேட்டுச்சுப்பா," என்றாள். "எதுக்கு இவ்ளோ கத்தற?"